ஒரே வீட்டில் இரண்டு பெட்டிகள்

என் தம்பி என்னோடு பேசுவதை நிறுத்தி நான்கு வருஷம் கழித்துத்தான் என்னோடு குடியிருக்க வந்தான். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். பேச்சு இருந்த காலத்தில் அவன் நாக்பூரிலும் போபாலிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் இன்ஜினியராக இருந்தான்; தீபாவளிக்கு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ரிட்டயர் ஆகி, மனைவியும் போய்ச் சேர்ந்து, குழந்தைகளும் இல்லாமல், பம்பாய் மாதுங்காவில் அப்பா விட்டுப்போன இந்த வீட்டுக்கு இரண்டு பெட்டியும் ஒரு கம்ப்யூட்டருமாக வந்து இறங்கினான். வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது, வராதே என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. சொல்லும் எண்ணமும் இல்லை. அவன் வருகிறான் என்று பக்கத்து வீட்டார் மூலம் தெரிந்ததும் உள் அறையை மூன்று நாள் ஒழித்தேன், ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டேன். வந்தவன் திரையைத் தள்ளிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டான்.

சண்டைக்குக் காரணம் அப்பா. எண்பத்தாறு வயதில் மூச்சு முட்டி, சயானில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டர் வந்து, தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்கலாமா என்று கேட்டார். வைத்தால் சில நாள் இழுக்கலாம், எழுந்து வருவார் என்று சொல்ல முடியாது என்றார். அப்பா எனக்கு முன்பே சொல்லியிருந்தார், குழாயெல்லாம் வேண்டாம் என்று. தம்பி அப்போது ரயிலில் வந்துகொண்டிருந்தான், போன் எடுக்கவில்லை. நான் 'வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்பா அன்று சாயங்காலமே போய்விட்டார். மறுநாள் காலை வந்தவன் என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

"நான் வர்ற வரைக்குமாவது வெச்சிருக்கக்கூடாதா?"

அதற்கப்புறம் என்னிடம் அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் வளைந்து கொடுக்கிற ஆளில்லை. முப்பத்தாறு வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் பைலோடு மல்லுக்கட்டியவள். செய்தது சரி என்று எனக்குத் தெரியும், அதை ஒருவனிடம் போய் நியாயப்படுத்த வேண்டியதில்லை என்று விறைப்பாக இருந்தேன். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் அவன் ஒரு தடவை, பழையபடி, அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்றுதான் ஒவ்வொரு நாளும் எழுந்தேன். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆரம்பத்தில் சமையல் மாமி இருந்ததால் ஓடிற்று. எல்லாப் பேச்சும் அவள் வழியாகத்தான். "மாமி, நாளைக்கு கேஸ் வரது, யாராவது ஆத்துல இருக்கணும்னு சொல்லிடுங்கோ" என்பேன், அவன் இரண்டடி தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். "இருக்கேன்னு சொல்லிடுங்கோ மாமி" என்பான். மாமி இரண்டு பக்கமும் திரும்பித் தலையை ஆட்டுவாள், எதையும் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்ததில்லை. முட்டிவலி முற்றி அவள் முலுண்டில் மகள் வீட்டோடு போய்விட்ட பிறகு நாங்கள் சுவரிடம் பேச ஆரம்பித்தோம். "பாத்ரூம்ல லைட் எரிஞ்சிண்டிருக்கு" என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வேன். உள்ளேயிருந்து ஸ்விட்ச் சத்தம் கேட்கும். அவனுக்கு வரும் தபால், மருந்துப் பொட்டலம், எல்லாவற்றையும் அவன் அறை வாசலில் ஒரு ஸ்டூலின் மேல் வைப்பேன். எனக்கு வருவதை அவன் ஹால் மேஜைமேல் வைப்பான். இதுதான் எங்கள் குடித்தனம்.

இனி அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாலில் என்னுடைய வைஃபை பெட்டி இருந்தது. தாராவியிலிருந்து வரும் கேபிள்காரர் வைத்துக் கொடுத்தது. என் போன், டீவி, வயரில்லாத ஒரு சின்ன பிரிண்டர், எல்லாம் அதில்தான் ஓடின. பிரிண்டர் எதற்கென்றால், தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத செம்பூர், முலுண்ட் பெண்கள் சிலருக்கு, எல்லோரும் ஆபீஸ் போகிறவர்கள், வாரம் மூன்று நாள் போனில் எழுத்துப் பாடம் நடத்துகிறேன். அவர்கள் எழுதி அனுப்புவதைத் தாளில் எடுத்துச் சிவப்பு மையால் திருத்தினால்தான் எனக்குத் திருப்தி.

எங்கள் கட்டடம் பழையது, சுவர் ஒன்றரை அடி கனம். ஹால் வைஃபை உள் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காது. தம்பிக்கோ வயரில் வருவது மட்டும்தான் நெட். காற்றில் வருவதை அவன் நம்பியதே இல்லை. தனியாக ஒரு லைன் இழுத்துக்கொள்ளலாம் என்றால், எங்கள் கட்டடச் சொசைட்டியில் வெளிச்சுவர் ரிப்பேர் நடந்துகொண்டிருந்தது, வேலை முடியும்வரை யாரும் புது வயர் இழுக்கக் கூடாது என்று நோட்டீஸ் போட்டிருந்தார்கள். ஒருநாள் நான் மார்க்கெட் போய்த் திரும்பியபோது என் பெட்டியிலிருந்து நீல நிற வயர் ஒன்று கிளம்பி, சுவரோரமாக ஆணி வைத்து ஒழுங்காக அடிக்கப்பட்டு, நடைவழி அலமாரியில் புதிதாக உட்கார்ந்திருந்த இன்னொரு பெட்டிக்குப் போயிருந்தது. அங்கிருந்து வேறு வயர்கள் அவன் அறைக்குள் போயின. கம்ப்யூட்டருக்கு ஒன்று, வந்தபிறகு அவன் வாங்கிய பெரிய பிரிண்டருக்கு ஒன்று. என்னிடம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பான், பாவம், மாமிதான் இல்லையே.

நாலு நாள் நன்றாக ஓடிற்று. ஐந்தாம் நாள் பாடத்தின் நடுவில் நெட் நின்றது. எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். முன்பு ஒருமுறை கேபிள்காரருக்குப் போன் செய்தபோது அவர் சொல்லிக் கொடுத்தது.

"ஒண்ணுமில்லக்கா. பெட்டிக்குப் பின்னால பொட்டு மாதிரி ஒரு ஓட்டை இருக்கும்லா, அதுல குண்டூசிய வுட்டு பத்து எண்ணுத வரைக்கும் அமுக்கிப் பிடிங்க. அணைஞ்சு வரும். எல்லாம் சரியாயிரும்."

அப்படி அமுக்கினால் பெட்டி கடையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். என் பெட்டிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டையே நான் வைத்திருந்தேன். அன்றும் அமுக்கினேன். நெட் வரவில்லை. நடைவழிப் பெட்டியும் இதோடு சேர்ந்ததுதானே, அதற்கும் கொஞ்சம் வைத்தியம் பார்ப்போம் என்று, அவன் வாக்கிங் போயிருந்த நேரமாகப் பார்த்து அதிலும் குண்டூசியை விட்டுப் பத்து எண்ணினேன். கொஞ்ச நேரத்தில் நெட் வந்தது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் மறுபடி போயிற்று. டீவி ஓடும், போன் ஓடாது. போன் வந்தால் டீவி நிற்கும். நான் அமுக்குவேன். அவன் வந்து பெட்டிமுன் நின்று லாப்டாப்பை வயரில் செருகி ஏதோ தட்டுவான், சரியாகும். அடுத்த நாள் ஏதோ கொஞ்சம் மெதுவாக வருகிறதே என்று நான் மறுபடி அமுக்குவேன். பத்துப் பன்னிரண்டு நாள் இப்படி. அவன் வேண்டுமென்றே என்னைத் துண்டிக்கிறான் என்று நான் திடமாக நம்பினேன். அப்பா விஷயத்துக்கு இப்போது பழி வாங்குகிறான், என் பாடம் நடக்கும் நேரம் பார்த்துச் செய்கிறான் என்று பொருமினேன். அவன் என்ன நினைத்திருப்பான் என்பதற்குத் தனியாக யோசிக்க வேண்டியதில்லை. கதவைச் சாத்தும் சத்தம் நாளுக்கு நாள் ஏறிற்று. "அடிக்கடி நெட்டை நிறுத்தறியா?" என்று ஒரே ஒரு கேள்வி, இரண்டு பேரில் யார் கேட்டிருந்தாலும் அன்றே தீர்ந்திருக்கும். பேசுகிற வீட்டில் இந்தக் கூத்து நடக்கவே நடக்காது.

கடைசியில் ஒரு காலை, நடைவழிப் பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவன் கையெழுத்து, படம் வேறு போட்டிருந்தான். எனக்கு என்று எழுதவில்லை, யாருக்கும் என்று எழுதவில்லை. ஆனால் இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

"இந்தப் பெட்டியில் ஊசி குத்த வேண்டாம். வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் நம்பர் கொடுப்பது ஹால் பெட்டியின் வேலை. இது சும்மா நீட்டிக் கொடுப்பது மட்டும். ஊசி குத்தினால் இதுவும் நம்பர் கொடுக்கத் தொடங்கிவிடும். ஒரே சொசைட்டியில் இரண்டு செக்ரட்டரி இருந்து ஆளுக்கொரு ஃப்ளாட் நம்பர் கொடுத்தால் தபால் யாருக்கும் போய்ச் சேராது."

படித்துவிட்டு நடைவழியிலேயே சிரித்தேன். எங்கள் சொசைட்டியில் ஒரு செக்ரட்டரியே தாங்க முடியவில்லை என்பது அவனுக்கும் தெரியும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவனிடமிருந்து எனக்கு வந்த முதல் வார்த்தைகள் அவை. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட இனி என்ன இருக்கிறது. சமையலறைக்குப் போய்க் குண்டூசி டப்பாவை எடுத்து, அவன் கண்ணில் படுகிற மாதிரி ஸ்டூலின் மேல் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் டப்பாவை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

அதற்குப் பிறகு நெட் ஒருநாள்கூட நிற்கவில்லை. வயரில் இருப்பது, வயரில்லாமல் இருப்பது எல்லாம் ஒரே வலைக்குள் வந்துவிட்டன. கேபிள்காரர் என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தார், வீட்டில் என்னென்ன கருவி இணைந்திருக்கிறது என்று பட்டியலாகக் காட்டும். அதில் இப்போது அவனுடைய கம்ப்யூட்டரும் வந்தது. காலை ஐந்தேகாலுக்கு அது பட்டியலில் ஏறும். எழுந்துவிட்டான் என்று தெரிந்துகொண்டு டிகாக்ஷன் போடுவேன். ராத்திரி அது இறங்கினால் படுத்துவிட்டான். ஜுரம் வந்து இரண்டு நாள் அவன் படுக்கையில் கிடந்ததும் அது பட்டியலில் ஏறாததிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. மிளகு ரசம் வைத்து ஸ்டூலில் வைத்தேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி எப்படி இருக்கிறான் என்று போனில் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலை யாருக்கும் வரக்கூடாது. இருந்தாலும் அந்தக் காலைகளை நான் விரும்பினேன்.

ஒரு மத்தியானம், காபியோடு உட்கார்ந்திருந்தேன், ஹாலில் என் பிரிண்டர் தானாகச் சத்தம் போட்டு மூன்று தாள்களைத் தள்ளிற்று. நான் எதுவும் அனுப்பவில்லை. எடுத்துப் பார்த்தேன். கோயம்புத்தூர் பக்கத்தில் வயதானவர்கள் தங்கும் ஓர் இல்லத்தின் விண்ணப்பம், எல்லாக் கட்டமும் தட்டச்சு செய்து நிரப்பப்பட்டிருந்தது. அவன் பெயர், வயது, ரத்த அழுத்தம், சாப்பாட்டில் வெங்காயம் பூண்டு வேண்டுமா வேண்டாமா. மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி. உடல்நிலை மோசமாகி அவரால் பேச முடியாத நிலையில் சிகிச்சை குறித்து முடிவெடுத்துக் கையெழுத்திட வேண்டியவர் யார்? அதற்கு நேரே என் பெயர் இருந்தது. உறவு: அக்கா.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, காபி ஆறிவிட்டது. முதலில் வந்தது அவன் போகப் போகிறான் என்ற பயம். அடுத்து, அடுத்தவர் காகிதத்தைப் படித்துவிட்ட கூச்சம். எல்லாம் ஒரே வலையில் இருக்கிறதே, பிரிண்டரை மாற்றி அழுத்திவிட்டான் போலிருக்கிறது, நான் படித்தது தெரிந்தால் அவனுக்கு எவ்வளவு அவமானம் என்று என் புத்தி ஓடிற்று. பிரிண்டர் கடைசிப் பக்கத்தை மேலே வைத்துத் தள்ளியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கி, மேஜையில் தட்டிச் சீராக்கி, கவிழ்த்து, அவன் அறை வாசல் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு வந்தேன். கதவைத் தட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. காகிதத்தை எடுத்தான், ஆனால் உள்ளே போகவில்லை. ஹாலுக்கு வந்தான். மத்தியான நேரத்தில் அவன் ஹாலுக்கு வருவதே கிடையாது. பால்கனிக் கதவருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து நிமிஷம் இருக்கும். அவன் திரும்பினால் என் முகத்தைப் பார்த்துவிடுவானே என்று ரிமோட்டை எடுத்து டீவியைப் போட்டு, சத்தத்தையும் ஏற்றினேன். ஏதோ மராத்திச் செய்தி. அவன் அறைக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான்.

பதினைந்து நாளில் கிளம்பிவிட்டான். டாக்ஸி கீழே நின்றது. வந்தபோது இருந்த அதே இரண்டு பெட்டி; கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் விட்டுவிட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து, "சாவி மேஜைமேல இருக்கு" என்றான். "அங்க குளிருமோ என்னமோ, ஸ்வெட்டர் எடுத்துக்கணும்" என்று நானும் சுவரிடம் சொன்னேன். இரண்டு பெட்டியையும் கையில் எடுத்தான். பிறகு படியிறங்கிப் போனான்.

வீடு அப்படியே வெறிச்சென்று ஆகிவிட்டது என்று சொன்னால் சிரிப்பார்கள், பேச்சே இல்லாத வீட்டில் புதிதாக என்ன வெறிச்சென்று. ஆனால் ஆயிற்று. காலை ஐந்தேகாலுக்கு விழிப்பு வந்து போனைப் பார்ப்பேன், என் போனும் டீவியும் பிரிண்டரும் மட்டும் இருக்கும். டிகாக்ஷன் பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு இறங்கும். இரண்டாவது டம்ளரைப் பதினொரு மணிக்குச் சுட வைத்து நானே குடித்தேன். ஸ்டூலை உள்ளே எடுத்துப் போட மனம் வரவில்லை.

மூன்று மாதம் போயிருக்கும். பாடத் தாள்களைப் போனில் அடித்து அடித்துக் கண் வலித்தது. உள்ளே ஒரு பெரிய திரை சும்மாதானே கிடக்கிறது என்று அவன் அறைக்குப் போய், எல்லாவற்றுக்கும் ஸ்விட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கீபோர்டில் பாஸ்வேர்டு ஒரு சீட்டில் ஒட்டியிருந்தது. க, ங, ச என்று பெரிய எழுத்தில் ஒரு பக்கம் தயார் செய்து பிரிண்ட் கொடுத்தேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த அவனுடைய பெரிய பிரிண்டர் எழுந்து அந்தப் பக்கத்தைக் கொடுத்தது. எனக்கு வேண்டியது ஹால் பிரிண்டரில், தடித்த தாள் அங்கேதான் இருந்தது. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் முழங்கைப் பக்கமே. அந்தக் கம்ப்யூட்டர், சும்மா அழுத்தினால், வயரில் இருக்கிற பிரிண்டருக்குத்தான் அனுப்பும். தேடிப் பார்த்ததில், பிரிண்டர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி, அதைத் தட்டினால் பட்டியல் விழுந்தது. முதலில் அவனுடையது, கம்பெனி வைத்த நீளமான எண்ணோடு. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்குக் கம்பெனி பெயர் இல்லை. அவனே பெயர் வைத்திருந்தான், ஆங்கில எழுத்தில்: அக்கா.

அந்தப் பட்டியலை இறக்கி, அந்தப் பெயரைத் தேர்ந்து, அதற்குப் பிறகு அழுத்தினால்தான் ஹாலில் தாள் வரும். கை தவறி வராது. வாழ்நாள் முழுக்க வயரோடு வாழ்ந்த இன்ஜினியருக்குக் கண்டிப்பாகக் கை தவறாது. பால்கனிக் கதவருகே அவன் நின்ற ஐந்து நிமிஷம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் என் பதிலுக்காக நின்றிருக்கிறான். நான் அவனுக்கு மராத்திச் செய்தி போட்டுக் காட்டியிருக்கிறேன். என்னைவிடப் பெரிய முட்டாள் இந்தப் பம்பாயில் இருந்தால் சொல்லுங்கள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போன் செய்தேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டான்.

"சொல்லு" என்றான், நேற்றுப் பேசிவிட்டு வைத்தவன் மாதிரி.

"அன்னிக்கு மூணு பேப்பர் வந்ததே, வேணும்னேதான் அனுப்பினயா?"

"பின்ன?"

"நான் படிச்சேண்டா."

"தெரியும். பக்க வரிசையா அடுக்கியிருந்தே. படிக்காதவா அடுக்க மாட்டா."

"கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோல்லியோ நீ?"

"ஹால்ல வந்து நின்னேனே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பின்னால் தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. "போகாதேன்னு சொல்லணும்னுதான் இருந்தது. இப்ப சொல்றேன். வந்துடுடா."

தட்டுச் சத்தம் தள்ளிப் போயிற்று, எழுந்து வெளியே வந்துவிட்டான் போலிருக்கிறது. 

"இங்க பழகிடுத்துக்கா" என்றான். "பக்கத்து ரூம்ல ஒருத்தர், பழைய ரயில்வேக்காரர், செஸ் ஆட வருவார். இனிமே பெட்டியத் தூக்கிண்டு அங்கயும் இங்கயும் என்னால ஆகாது. ஆனா அந்த மூணாம் பக்கம் அப்படியேதான் இருக்கு. மாத்தச் சொல்லல. எனக்கும் நீதான் கையெழுத்துப் போடணும். டாக்டர் கேட்டா உடனே போட்டுடு. யாரும் வரணும்னு காத்திண்டிருக்காதே" என்றான்.

சரிடா என்றேன். அங்கே அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டான்.